கார்டை மாற்றினோம், டிஸ்ப்ளே வரவில்லை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டிடிபி கடையிலோ ஸ்டூடியோவிலோ கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பழைய கார்டு போய்விட்டது. அல்லது செகண்ட் ஹேண்டில் நல்ல கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. மாற்றுவது கால் மணி நேர வேலை. கணினியில் ஓடுவது லினக்ஸ் என்றால், அதற்கடுத்த கால் மணி நேரத்தில் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதைத் தள்ளிப்போடத்தான் இந்த அத்தியாயம். திரை இருண்டதற்காக இயங்குதளத்தையே அழித்துப் போட வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும்.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, விண்டோஸின் பக்கத்திலேயே உட்கார்ந்து டெல்டாவின் கிராமங்கள் வரை வந்தது. ஆனால் அந்த மடிக்கணினியில் கழற்றி மாட்டக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் லினக்ஸ் பழகியவர்கள் பின்னாளில் டெஸ்க்டாப் வாங்கிக் கார்டு மாற்றும்போதுதான் இந்தச் சிக்கலை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்து எழுத்தாகக் கொடுத்திருக்கிறோம்.

இருள் எங்கே விழுகிறது?

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்காலோடு மேலே நடந்து, எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கும் அதே வழிதான். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும் வரை திரையில் தெரிவது வெவ்வேறு கைகளின் வேலை. எந்த இடம் வரை தெரிந்தது என்பதுதான் யாரைப் பிடிப்பது என்று சொல்லும்.

தொலைபேசியில் கேட்டாலும் இதே வரிசையில் கேளுங்கள்.

"அண்ணே, கார்டு மாத்துனேன், டிஸ்ப்ளே வரல."

"கம்பெனி லோகோ வருதா தம்பி?"

"அது வருதுண்ணே. அப்புறம்தான் கறுப்பாயிடுது."

இந்த மூன்று வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது.

1. லோகோவே வரவில்லை, மானிட்டர் "நோ சிக்னல்" என்கிறது: லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. கேபிள், மின்சாரம், கார்டு, பயாஸ் இவற்றில் ஒன்று.
2. லோகோ வருகிறது, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலும் வருகிறது, அதன்பின் இருட்டு: கெர்னலும் கார்டின் டிரைவரும் ஒத்துப்போகவில்லை.
3. எழுத்துகள் ஓடி முடிகின்றன, லாகின் திரை வரவில்லை, அல்லது கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி லாகினுக்கே திரும்புகிறது: பழைய டிரைவரின் மிச்சம், அல்லது டிரைவர் பாதியில் நின்ற நிலை.
4. டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் எழுத்து பெரிதாக, மங்கலாக, மெதுவாக இருக்கிறது: அமைப்புக் கோளாறு. அவசரமில்லை.

இரண்டாவதா, கணினியே உறைந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே லினக்ஸ் உயிரோடு இருக்கிறது. திரை மட்டும்தான் இல்லை.

கழற்றுவதற்கு முன்

பழைய கார்டு இன்னும் வேலை செய்கிறதென்றால், அது மாட்டியிருக்கும்போதே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி, கணினியின் ஐபி முகவரியைத் தாளில் எழுதிவையுங்கள். நாளை திரை வராவிட்டாலும், அதே வைஃபையிலுள்ள மொபைலில் டெர்மக்ஸ் போன்ற செயலி வழியாக உள்ளே நுழைந்து வேலை செய்யலாம். இரண்டு, பழையது என்விடியா கார்டாக இருந்து, அதன் தனியுரிம டிரைவரை நிறுவியிருந்தால், அதை முறையாக நீக்கிவிட்டுக் கணினியை அணையுங்கள். மூன்று, லினக்ஸ் மின்ட் போன்றவற்றிலுள்ள டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். லைவ் யூஎஸ்பி ஒன்றையும் தயாராக வையுங்கள்.

முதல் இடம்: லோகோவே வரவில்லை

முதலில் கேபிள். புதுக் கார்டை மாட்டிவிட்டு, மானிட்டர் கேபிளைப் பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலேயே செருகிவிடுவது அடிக்கடி நடப்பது. கேபிள் கார்டின் துளையில் இருக்க வேண்டும். பயாஸில் முதன்மை டிஸ்ப்ளே எது என்று கேட்கும் இடத்தில் "ஆட்டோ" அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று இருக்கட்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், உதாரணமாக ஐ5-10400எஃப், அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் சோதிப்பது அங்கே பலிக்காது.

அடுத்து மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். ஜிடி 710க்கு 19 வாட், ஜிடி 1030க்கு 30 வாட் போதும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட்டில் நிற்கிறது. ஜிடிஎக்ஸ் 1060க்கு 120 வாட், ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட் வேண்டும். இவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் அல்லது 8 பின் கேபிள் வர வேண்டும். பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட மெலிந்த டெஸ்க்டாப்கள் இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் எஸ்எம்பிஎஸ் சிறியது. 6 பின் கேபிளே இருக்காது. அதில் பெரிய கார்டு மாட்டிவிட்டு லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு உண்டு. பம்ப் செட்டுகள் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊரில், பகலில் ஒழுங்காக வந்த டிஸ்ப்ளே மாலையில் வராமல் போகலாம். கோளாறு நேரம் பார்த்து வருகிறதென்றால் முதலில் யூபிஎஸ்ஸையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதியுங்கள். மற்றொன்று ஈரமும் தூசியும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் கார்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிப்போகும். அரிசி ஆலைகளை ஒட்டிய கடைகளில் உமித்தூசி ஹீட்சிங்கை அடைத்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஈரத்தில் கிடந்த கணினியிலிருந்து கழற்றிய கார்டு கையில் வந்தால், உடனே மாட்டாதீர்கள். தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஸ்லாட்டின் கொக்கி "டக்" என்று விழும் வரை அழுத்த வேண்டும்.

கடைசியாக மானிட்டர். நீல முனை விஜிஏ மானிட்டர்கள் இன்னும் பல கடைகளில் இருக்கின்றன. ஜிடி 710, ஜிடி 730 கார்டுகள் பலவற்றில் விஜிஏ துளை உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா அனலாக் சிக்னலையே நிறுத்திவிட்டது. அங்கே வெறும் டிவிஐ-விஜிஏ முனை மாற்றி வேலை செய்யாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும்.

மிகப் பழைய கார்டைப் புது மதர்போர்டில் போட்டால் லோகோ தெரியாமல் நேராக லினக்ஸ் டெஸ்க்டாப் மட்டும் வருவதும் உண்டு. யூஇஎஃப்ஐக்கு வேண்டிய நிரல் அந்தக் கார்டில் இல்லாததே காரணம். பயாஸில் சிஎஸ்எம் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

இரண்டாம் இடம்: கிரப் வரை வந்தது, பிறகு இருட்டு

கணினி தொடங்கும்போது, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டிருங்கள். யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். கிரப் பட்டியல் வரும்.

1. முதல் வரியில் நின்று இ விசையை அழுத்துங்கள்.
2. "லினக்ஸ்" என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போங்கள்.
3. ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று தட்டுங்கள்: என்-ஓ-எம்-ஓ-டி-இ-எஸ்-இ-டி. நடுவில் இடைவெளி கூடாது.
4. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள்.

இது கெர்னலிடம், "கார்டின் டிரைவரை ஏற்றாதே, பயாஸ் கொடுத்த சாதாரணத் திரையிலேயே ஓடு" என்று சொல்வது. டெஸ்க்டாப் மங்கலாக, மெதுவாக வரும், வந்தால் போதும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். வராவிட்டால் அதே வரியின் கடைசியில் இன்னொரு இடைவெளி விட்டு 3 என்ற எண்ணையும் சேருங்கள். டெஸ்க்டாப்பே தொடங்காமல் எழுத்துத் திரையில் லாகின் கேட்கும். பல கணினிகளில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினாலே அந்த எழுத்துத் திரை கிடைத்துவிடும்.

நோமோட்செட்டைக் கிரப்பில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று கணினியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது மருத்துவம் ஆகாது. கார்டு வாங்கிய காசு அங்கே வீண், வீடியோவும் திணறும்.

தமிழில் நிறுவியவர்களுக்கு

லினக்ஸைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் திரையில் இன்னொரு சிரமம் காத்திருக்கிறது. அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. பிழைச் செய்திகள் கட்டம் கட்டமாக வரும். கார்டு கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது. முதல் கட்டளையாக எக்ஸ்போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, எல்-ஏ-என்-ஜி என்ற நான்கையும் பெரிய எழுத்தில் அடித்து, ஒட்டியபடியே சமக்குறி, பெரிய எழுத்து சி கொடுங்கள். அதன்பின் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்.

இணையம் வேண்டுமானால் மொபைலை டேட்டா கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கடவுச்சொல், டிரைவர் எதுவும் கேட்காது.

கார்டின் உண்மையான பெயர்

அட்டைப் பெட்டியை நம்பாதீர்கள். பெட்டியில்லாமல் வரும் செகண்ட் ஹேண்ட் கார்டில் விற்பவர் சொல்லையும் நம்ப வேண்டாம். எல்எஸ்பிசிஐ என்று தட்டி, இடைவெளி, ஒரு கோடு, அதை ஒட்டி என்-என்-கே கொடுங்கள். வரும் பட்டியலில் விஜிஏ என்றிருக்கும் பகுதியைப் பாருங்கள். சிப்பின் பெயர், இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது, இரண்டும் அங்கே இருக்கும். பட்டியலில் கார்டே இல்லையென்றால் முதல் இடத்துக்குத் திரும்புங்கள்.

ஜிடி 730 இதற்கு நல்ல உதாரணம். 2014இல் வந்த இந்தப் பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்கள் விற்பனையாயின. ஜிஎஃப்108 என்று காட்டினால் அது பழைய ஃபெர்மி. ஜிகே208 என்றால் கெப்ளர். வெளியே ஒரே பெயர். இரண்டுக்கும் டிரைவர் வேறு.

என்விடியாவின் தனியுரிம டிரைவர்களைத் தலைமுறை வாரியாக இப்படி நினைவில் வையுங்கள்:

- ஜி 210 போன்ற டெஸ்லா தலைமுறை: 340 தொடர். ஆதரவு 2019 இறுதியோடு முடிந்தது.
- ஃபெர்மி: 390 தொடர். 2022 இறுதியோடு முடிந்தது.
- கெப்ளர், அதாவது ஜிடி 710 முதலியவை: 470 தொடர். 2024இல் முடிந்தது.
- மேக்ஸ்வெல், பாஸ்கல், அதாவது ஜிடிஎக்ஸ் 750, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 முதலியவை: 580 தொடர்தான் கடைசி.
- டியூரிங் முதல், அதாவது ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் வரிசைகள்: புதிய தொடர்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு 2022இல் என்விடியா திறந்துவிட்ட கெர்னல் மாட்யூல் வகை மட்டுமே ஓடும்.

முதல் இரண்டு பிரிவுக் கார்டு என்றால் தனியுரிம டிரைவருக்காக அல்லாடாதீர்கள். புதிய கெர்னலோடு அது பொருந்தாமல் போவதே வழக்கம். 2010இல் கெர்னலுக்குள் வந்த நூவோ என்ற திறமூல டிரைவர் டிடிபி, பில்லிங், இணைய வேலைக்குப் போதும். ஆனால் பாஸ்கல் கார்டுகளில் நூவோவால் வேகத்தை ஏற்ற முடியாது. கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அந்தச் சிப் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே என்விடியா டிரைவர்தான் வழி.

உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்கள் உபுண்டு-டிரைவர்ஸ் என்ற கட்டளைக்குப்பின் டிவைசஸ் என்று கொடுத்தால் பொருத்தமான தொடரை அதுவே பரிந்துரைக்கும். அதைப் பேக்கேஜாகவே நிறுவுங்கள். என்விடியா தளத்திலிருந்து இறக்கும் ரன் கோப்பையும் பேக்கேஜையும் ஒரே கணினியில் கலப்பதுதான் மூன்றாம் இடத்துக் கோளாறுகளில் பாதிக்குக் காரணம்.

ஏஎம்டியில் கதை எளிது. 2015 முதல் ஏஎம்டிஜிபியூ டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பழைய கார்டுகளுக்கு ரேடியான் டிரைவர். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஆனால் ஃபர்ம்வேர் கோப்புகள் வேண்டும். டெபியனில் ஏஎம்டி கார்டு போட்டதும் திரை இருண்டால் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெபியன் 12 முதல், அதாவது 2023 முதல், அது தனிப் பிரிவில் இருக்கிறது.

எந்தக் கார்டானாலும், முந்தைய தடவை என்ன நடந்தது என்று கெர்னலே எழுதி வைத்திருக்கும். ஜர்னல்சிடிஎல், இடைவெளி, கோடு-பி, இடைவெளி, கோடு-1 என்று தட்டுங்கள். என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகளில், "இந்தக் கார்டுக்கு 470 தொடர் வேண்டும்" என்பது போல நேராகவே சொல்லியிருக்கும். ஏஎம்டியில் ஃபர்ம்வேர் வரியின் கடைசியில் -2 என்று இருந்தால் கோப்பு இல்லை என்று பொருள்.

மூன்றாம் இடம்: பழையதின் மிச்சம்

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஈடிசி அடைவுக்குள் எக்ஸ்11 (இங்கே எக்ஸ் பெரிய எழுத்து) அடைவிலுள்ள எக்ஸ்ஆர்க்-டாட்-கான்ஃப் கோப்பு. பழைய டிரைவரின் பெயரும், பழைய கார்டு இருந்த பஸ் எண்ணும் அதில் எழுதியிருந்தால் புதுக் கார்டை எக்ஸ் சர்வர் ஏறெடுத்தும் பார்க்காது. கோப்பை அழிக்க வேண்டாம். பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இன்றைய லினக்ஸுக்கு அந்தக் கோப்பு பெரும்பாலும் தேவையே இல்லை.

அதே ஈடிசிக்குள் மாட்ப்ரோப்-டாட்-டி அடைவில் நூவோவைத் தடைசெய்யும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். என்விடியா டிரைவரை நீக்கியும் அந்தத் தடை மிஞ்சியிருந்தால் கார்டுக்கு எந்த டிரைவரும் கிடைக்காது. வரியை நீக்கியபின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையைக் கோடு-யூ சேர்த்து ஓட்டினால்தான் மாற்றம் பிடிக்கும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் வரும். அங்கே "என்ரோல் எம்ஓகே" தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டால் அது கடந்துவிடும். டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஏறாது. மோக்யூட்டில் கட்டளையில் இம்போர்ட் கொடுத்துப் பதிவை மறுபடி தொடங்கலாம். அவசரமென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தலாம்.

நான்காம் இடம்: வந்தது, ஆனால் சரியில்லை

திரை 1024×768இலேயே நிற்கிறது, வேறு அளவே பட்டியலில் இல்லை என்றால் இரண்டு காரணம். டிரைவர் ஏறவில்லை, எல்எஸ்பிசிஐ அதைச் சொல்லிவிடும். டிரைவர் ஏறியும் இப்படி என்றால் சந்தேகப்பட வேண்டியது மலிவு விலை கன்வெர்ட்டரை. மானிட்டர் தன் அளவுகளைக் கார்டுக்குச் சொல்லும் தகவலை அது கடத்தாமல் விட்டுவிடும். வேறு கேபிளில் ஒருமுறை பாருங்கள். கேபிள் மாற்றினால் தீர்வதற்குக் கட்டளை தேடி அலைய வேண்டாம்.

டெஸ்க்டாப் வந்தபின் மினுக்கலும் கிழிசலும் இருந்தால், லாகின் திரையில் பல்சக்கரப் படத்தை அழுத்தி வேலண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்க்கை, அல்லது மறுதலையாக, தேர்ந்து பாருங்கள். மிகப் புதிய க்னோம் பதிப்புகளில் எக்ஸ்ஆர்க் தேர்வு இருக்காது.

பல நாள் நன்றாக ஓடி, ஒரு அப்டேட்டுக்குப்பின் இருண்டால், கிரப்பின் "அட்வான்ஸ்டு" பட்டியலில் பழைய கெர்னலைத் தேருங்கள். அதில் திரை வந்தால் கார்டு நலம். புதிய கெர்னலுக்கு டிரைவர் உருவாகவில்லை. கெர்னல் ஹெடர் பேக்கேஜை நிறுவி, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை உருவாக்கித் தரும் டிகேஎம்எஸ்ஸின் நிலையைப் பாருங்கள்.

திரை வந்தது, நெட் போனது

கார்டு மாற்றியபின் இணையம் போனால் யாரும் கார்டைச் சந்தேகிப்பதில்லை. புதுக் கார்டு பிசிஐ பஸ் எண்களை நகர்த்திவிடும். லினக்ஸ் நெட்வொர்க் போர்ட்டுக்கு அந்த எண்ணை வைத்துத்தான் பெயரிடுகிறது. நேற்று ஈஎன்பி2எஸ்0 என்றிருந்தது இன்று ஈஎன்பி3எஸ்0 ஆகலாம். நிலையான ஐபி போட்டு வைத்திருக்கும் அலுவலகக் கணினிகளில் அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரை மாற்றினால் நெட் வந்துவிடும்.

ஃபார்மட்டுக்கு முன் கடைசிச் சோதனை

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் லைவ் யூஎஸ்பியில் புதிய உபுண்டு அல்லது மின்ட்டைத் தொடங்குங்கள். அதிலும் இருட்டென்றால் ஃபார்மட் செய்தாலும் இருட்டுதான்: கார்டையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ வேறு கணினியில் சோதியுங்கள், விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். லைவில் டிஸ்ப்ளே வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, குறை உங்கள் நிறுவலில். மூன்றாம் இடத்துக்குத் திரும்பிப் போங்கள். இந்த இரண்டு விடையில் ஒன்று கைக்கு வரும் முன் ஃபார்மட் செய்தால், எது கெட்டது என்று தெரியாமலே அடுத்த கார்டு வாங்க வேண்டியிருக்கும்.

சரியானதும் சிப்பின் பெயர், டிரைவர் தொடர், மாற்றிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அந்தக் கணினியைத் திறப்பது நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.